குளிர்காலத்தில் புரோப்பேன், கோடையில் குளிரூட்டி: ஆழ்சுரங்கக் காற்றுக்கு ஆகும் ஆற்றலைக் குறைக்க வழி உண்டா?

இரண்டாம் ஷிப்டு:

அனைவருக்கும் வணக்கம். கர்நாடகத்தில் ஒரு தங்கச் சுரங்கத்தின் காற்றோட்டப் பிரிவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, சென்ற ஆண்டு கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில் ஒரு நிக்கல் சுரங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். ஊரில் இருந்தவரை, சுரங்கக் காற்றோட்டம் என்றால் வெக்கையோடு நடத்தும் போராட்டம் என்று மட்டுமே அறிந்திருந்தேன். இங்கே முதல் குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான், காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்பும் சுரங்கங்களும் உலகில் இருக்கின்றன என்பது கண்ணால் கண்ட உண்மையாயிற்று.

சனவரியில் வெளியே மைனஸ் 25 டிகிரி இருக்கிறது. சுரங்கத்துக்குள் விநாடிக்கு 400 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 500 கிலோ காற்றை அனுப்புகிறோம். காற்று இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டின் வாயில் புரோப்பேனை எரித்து அந்தக் காற்றைப் பிளஸ் 3 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே உள்ளே விடுகிறோம். 28 டிகிரி உயர்த்துவதற்கு 14 மெகாவாட் வெப்பம் வேண்டும். அதற்கு மணிக்கு ஒரு டன்னுக்கும் சற்று மேலாகப் புரோப்பேன் எரிகிறது. இதே சுரங்கத்தின் அடியில், 2 கிலோமீட்டர் ஆழத்தில், பாறையின் வெப்பநிலை 40 டிகிரியை ஒட்டியிருக்கிறது. அங்கே வேலை விரிவடையவிருப்பதால் பெரிய குளிரூட்டும் இயந்திரம் ஒன்றை வாங்குவதற்கான திட்டம் பேச்சில் இருக்கிறது.

மேலே எரிவாயு எரித்துச் சூடாக்கும் காற்றையே கீழே மின்சாரம் செலவிட்டுக் குளிர்விக்கப்போகிறோம் என்பதை நினைக்கும்போது மனம் ஒப்பவில்லை. குளிரும் நம்மிடம் இருக்கிறது, வெப்பமும் நம்மிடம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்து, வாங்கும் ஆற்றலைக் குறைக்க முடியாதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

காற்றுவழி:

வணக்கம் நண்பரே. தென்னாப்பிரிக்காவிலும் கனடாவிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த வேலையிலேயே இருந்திருக்கிறேன். உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஆனால் அதற்குள் ஒரு சிறு பிழை ஒளிந்திருக்கிறது. அதைத் திருத்திக்கொண்டால் விடை தானாகவே பாதி தெரிந்துவிடும்.

சனவரியில் நீங்கள் சூடாக்கும் காற்றைச் சனவரியில் யாரும் குளிர்விக்கப்போவதில்லை. ஒரு கிலோ காற்று ஒரு கிலோமீட்டர் கீழே இறங்கும்போது அதன் நிலையாற்றல் 9.81 கிலோஜூல் குறைகிறது. அந்த ஆற்றல், மேலிருக்கும் காற்றின் எடையால் அமுக்கப்படும் அந்தக் காற்றிலேயே வெப்பமாகச் சேர்ந்துவிடுகிறது. சைக்கிள் டயருக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதே செயல்தான் இது. ஷாஃப்டு முழுக்க உலர்ந்திருந்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி ஏறும். உங்கள் 500 கிலோவுக்கும் 2 கிலோமீட்டருக்கும் கணக்கிட்டால் இது 10 மெகாவாட்டுக்குச் சற்றே குறைவு; பாறையில் சூடே இல்லாவிட்டாலும் இது வந்தே தீரும். ஆகவே 3 டிகிரியில் நுழைந்த குளிர்காலக் காற்று அடிமட்டத்தைச் சேரும்போது இருபதை ஒட்டி, வேலைக்கு இதமாகவே இருக்கும். சூலையில் 28 டிகிரி உலர்குமிழும் 20 டிகிரி ஈரக்குமிழுமாக நுழையும் காற்றுதான் சிக்கல். (உலர்குமிழ் என்பது சாதாரண வெப்பமானி காட்டும் அளவு; ஈரக்குமிழ் என்பது ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவு, காற்றின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்வது.) ஈரக்குமிழ் வெப்பநிலை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4 டிகிரி ஏறுவதால், ஒரு டீசல் வண்டி கூட ஓடாத நிலையிலேயே அது கீழே 28-ஐத் தொட்டுவிடும். எனவே நீங்கள் இணைக்க வேண்டியது மேலையும் கீழையும் அல்ல, சனவரியையும் சூலையையும்.

அதைச் செய்துகாட்டிய சுரங்கம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சட்பரியின் கிரைட்டன் நிக்கல் சுரங்கத்தில், பழைய திறந்தவெளிக் குழிக்கு அடியில் தாதுவை வெட்டியெடுத்த இடங்கள் சரிந்து, உடைந்த பாறை மலைபோல் நிரம்பிக் கிடக்கிறது. உள்ளே போகும் காற்றை அந்தக் குவியலின் இடுக்குகள் வழியே இழுத்து, அதன் பிறகே கீழே அனுப்புகிறார்கள். குளிர்காலம் முழுவதும் பாறை தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்துகொண்டே போகிறது. கோடையில் அதே குளிர்ந்த பாறை, நுழையும் வெப்பக் காற்றைத் தணிக்கிறது. இதனால் பல பத்தாண்டுகளாகக் குளிர்காலத்தில் எரிவாயுவும் கோடையில் குளிரூட்டும் இயந்திரமும் இல்லாமல் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் அங்கே வேலை நடந்திருக்கிறது. ஸ்னோலேப் என்ற நியூட்ரினோ ஆய்வகம் இருப்பது அந்தச் சுரங்கத்தின் 2,070 மீட்டர் ஆழத்தில்தான்; அங்கே பாறையின் வெப்பநிலை 42 டிகிரி. உங்களுடையதற்கு ஏறத்தாழ இணையான நிலைமை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காற்றை 3 டிகிரிக்கு ஏன் சூடாக்குகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. மனிதர்களின் வசதிக்காக மட்டும் அல்ல. ஷாஃப்டுச் சுவரில் கசியும் நீர் உறைந்து பாளம் பாளமாகத் தொங்கி, ஒரு நாள் பெயர்ந்து, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜின் மேல் விழக் கூடாது என்பதற்காக. குழாய்கள் வெடிக்கக் கூடாது என்பதற்காக. நீர் உறையாத அளவு இருந்தால் போதும். ஆனால் பர்னருக்கு மிக அருகில், காற்று சரியாகக் கலக்காத இடத்தில் உணரி பொருத்தப்பட்டிருப்பதையும், அதை நம்ப முடியாத காரணத்தால் இயக்குபவர்கள் பாதுகாப்புக்காக 6, 7 டிகிரி என்று வைத்துவிடுவதையும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். உங்கள் காற்றளவில் ஒவ்வொரு டிகிரியும் அரை மெகாவாட். நல்ல உணரியைச் சரியான இடத்தில் பொருத்துவதைவிட மலிவான சேமிப்பு இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

மாரிகுப்பம்:

நான் சுரங்கப் பொறியாளன் அல்லன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து, இப்போது பள்ளியில் இயற்பியல் கற்பிப்பவன். என் தந்தையார் அங்கே காற்றோட்டப் பிரிவில், ஒவ்வொரு மட்டமாக ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளைக் கொண்டுபோய் அளவெடுத்தவர். இந்த இழையைப் படித்ததும் அவர் வீட்டில் பேசியவையெல்லாம் நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் பெருந்திரளாக உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபோது, அவற்றில் ஒன்றான சாம்பியன் ரீஃப் 3.2 கிலோமீட்டர் ஆழத்தை எட்டியிருந்தது. அங்கே ஆழத்துக்கு ஏற்பப் பாறை சூடேறும் வேகம் உலகச் சராசரியான 25 முதல் 30 டிகிரியைவிட மிகக் குறைவு. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 11 டிகிரிதான். அப்படியிருந்தும் அடிமட்டத்தில் பாறை 65 டிகிரியை எட்டியிருந்தது. மேற்பரப்பிலேயே பெரிய குளிர்பதன ஆலை அமைத்து உள்ளே போகும் காற்றைக் குளிர்வித்த தொடக்ககாலச் சுரங்கங்களில், தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப்போடு கோலாரும் ஒன்று. இவை இரண்டும் 1930-களில் அதைச் செய்தன. அவற்றுக்கு முன்பே 1920-களில் பிரேசிலின் மோரோ வெல்யோ சுரங்கம் இந்த வழியைத் தொடங்கிவைத்திருந்தது. நம் மக்கள் இந்தத் துறையின் தொடக்கத்திலேயே அதன் பயனையும் அதன் போதாமையையும் உடலால் அறிந்தவர்கள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

தந்தையார் திரும்பத் திரும்பச் சொன்னது தண்ணீரைப் பற்றித்தான். உலர்ந்த வெக்கையில் வியர்வை ஆவியாகி உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும்; காற்று ஈரத்தால் நிறைந்துவிட்டால் வியர்வை உடம்பிலேயே நின்று, ஆள் மயங்கி விழுந்துவிடுவான். இந்தியச் சுரங்க விதிகள் வேலையிடத்தின் ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும், 30.5 டிகிரியைத் தாண்டினால் விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்று ஓட வேண்டும் என்றும் சொல்வது இதனால்தான். பாறையிலிருந்து கசிந்து வரும் சூடான நீரைத் திறந்த கால்வாயில் காற்றுவழியோடு ஓடவிட்டால், அது வழிநெடுக ஆவியாகிக்கொண்டே போகும். விநாடிக்கு ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 2.4 மெகாவாட் உள்ளுறை வெப்பம் காற்றில் ஏறிவிடுகிறது. உலர்குமிழ் அளவு குறைந்து, பார்ப்பதற்கு நல்லதுபோல் தோன்றும். ஆனால் அந்த 2.4 மெகாவாட்டையும் பிறகு இயந்திரம் வைத்துத்தான் எடுக்க வேண்டும். கால்வாயை மூடுவதற்கும், சூடான நீரைக் குழாயில் பிடித்து, கழிவுக்காற்று போகும் பாதை வழியே வெளியேற்றுவதற்கும் ஆகும் செலவு மிகக் குறைவு. இயந்திரம் வாங்குவதற்கு முன் உங்கள் சுரங்கத்தின் கால்வாய்களை ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள், தம்பி.

காற்றுவழி அவர்கள் ஸ்னோலேப் பற்றி எழுதியதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அண்டக்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் நியூட்ரினோக்கள் 1965-இல் முதன்முதலாகப் பதிவான இரண்டு இடங்களில் ஒன்று எங்கள் கோலார். மற்றொன்று தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் ராண்ட் சுரங்கம்.

இரண்டாம் ஷிப்டு:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாரிகுப்பம் ஐயா, உங்கள் தந்தையாரின் அனுபவத்தைப் பகிர்ந்தமைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இன்று பணிக்கு இறங்கியபோது 1,600 மீட்டர் மட்டத்தில் உள்ளே வரும் காற்றின் பாதையிலேயே ஒரு திறந்த கால்வாய் ஆவி பறக்க ஓடுவதைப் பார்த்தேன். இத்தனை மாதங்களாக அதைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். இன்றுதான் அதை வெப்பமாகப் பார்த்தேன்.

காற்றுவழி ஐயா, சனவரியையும் சூலையையும் இணைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதை வைத்து மேலும் மூன்று ஐயங்களை முன்வைக்கிறேன். எங்களிடம் பழைய வெட்டிடம் ஒன்றில் ஏறத்தாழ 10 லட்சம் டன் உடைந்த பாறை கிடக்கிறது. அது கிரைட்டனைப் போலப் பயன்படுமா? அடுத்து, எங்கள் கழிவுக்காற்று ஷாஃப்டு, காற்று நுழையும் ஷாஃப்டிலிருந்து 600 மீட்டர் தள்ளி இருக்கிறது. குளிர்காலத்திலும் 15 டிகிரிக் காற்று வெண்புகையாக வெளியேறுவதைப் பார்க்கிறேன். அந்த வெப்பத்தைப் பிடிக்க முடியுமா? கடைசியாக, எல்லாம் செய்த பிறகும் இயந்திரம் தேவைப்பட்டால் அதை மேலே வைப்பதா, கீழே வைப்பதா?

குளிர்பதனம்:

கோயம்புத்தூரில் தொழிற்சாலைகளுக்கான வெப்ப மீட்பு அமைப்புகளை வடிவமைக்கிறேன். சுரங்கத்துக்குள் நான் இறங்கியதில்லை, எனவே இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த வெண்புகைதான் நல்ல செய்தி. கீழிருந்து ஏறிவரும் காற்று விரிந்து குளிர்வதால் அதிலுள்ள ஈரம் திவலைகளாகி, ஈரத்தால் முழுமையாக நிறைந்த நிலையில் வெளியேறுகிறது. அதன் வெப்பத்தில் பெரும்பகுதி இந்த ஈரத்தில் ஒளிந்திருக்கிறது. 15 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றை 5 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 23 கிலோஜூல் கிடைக்கும். அதே காற்று உலர்ந்திருந்தால் 10 மட்டுமே கிடைத்திருக்கும். 500 கிலோவுக்கு 11 மெகாவாட்டுக்கு மேல் வருகிறது. அதில் பாதியைப் பிடித்தாலே உங்கள் உச்சத் தேவையில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடும். கடுங்குளிர் இல்லாத நாட்களில் பர்னரை மூட்ட வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. 600 மீட்டர் தொலைவு ஒரு தடையல்ல. உறையாமல் காக்கும் கிளைக்கால் கலந்த நீரைக் குழாயில் சுற்றவிட்டு அங்கிருந்து இங்கே வெப்பத்தைக் கொண்டுவரலாம்.

ஆனால் நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. கழிவுக்காற்றின் பாதையில் மெல்லிய தகடுகள் பொருத்திய குழாய்களான துடுப்புச் சுருள்களை வைத்தால், டீசல் புகைக்கரியும் பாறைத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து சில மாதங்களிலேயே அவற்றை அடைத்துவிடும். சுருள்களின் தடையால் காற்றழுத்தம் 250 பாஸ்கல் கூடினால், 400 கன மீட்டருக்கு 100 கிலோவாட். விசிறியின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால் 140 கிலோவாட்டுக்கு மேல். குளிர்காலத்தில் இது பெரிதல்ல. கோடையிலும் இரவு பகலாக இந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தால் சேமிப்பில் கணிசமான பகுதி போய்விடும். ஆகவே வெப்பம் தேவைப்படாத மாதங்களில் காற்று சுருள்களைத் தொடாமல் போகத் தனிக் கதவுகள் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சுருள்களைவிட நீர்த்தூவல் அறையையே பரிந்துரைப்பேன். கழிவுக்காற்றின் ஊடே குளிர்ந்த நீரை மழைபோல் பொழியவிட்டு, அது வெப்பத்தை வாங்கிக்கொண்டு கீழே தொட்டியில் விழுந்த பிறகு, அங்கே ஒரு தட்டுவகை வெப்பப் பரிமாற்றி வழியாகக் கிளைக்கால் நீருக்கு அந்த வெப்பத்தை மாற்றலாம். அடைத்துக்கொள்ளச் சுருளே இல்லை. தொட்டியில் படியும் சேற்றை வாரினால் போதும்.

இதற்கெல்லாம் முன்பாக, மேற்பரப்பில் உங்கள் காற்றழுத்திகள் இருக்கும் கொட்டகையைப் போய்ப் பாருங்கள். காற்றழுத்தி வாங்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாகத்தான் முடிகிறது. ஒரு மெகாவாட் அளவில் காற்றழுத்திகள் ஓடுகின்றன என்றால், ஏறத்தாழ 0.9 மெகாவாட் வெப்பம் குளிர்விக்கும் கோபுரத்தின் வழியே வானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அது 15 டிகிரி வெப்பம் அல்ல, கையைச் சுடும் வெப்பம். பிடிப்பதும் எளிது, பயன்படுத்துவதும் எளிது.

காற்றுவழி:

குளிர்பதனம் எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. நீர்த்தூவல் அறையைப் பொறுத்தவரை, நீர் எங்கேயும் தேங்கி உறையாதபடி சரிவாகக் கட்டினால் அது நெடுநாள் உழைக்கும்.

இனி பாறைக்கு வருகிறேன். இங்கே பேராசை கொள்ளாமல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டன் பாறையை ஒரு டிகிரி மாற்ற ஏறத்தாழ 0.85 மெகாஜூல் வேண்டும். உங்கள் 10 லட்சம் டன் பாறை முழுவதும் 10 டிகிரி குளிர்ந்தால் 8,500 கிகாஜூல் வெளிப்படும். அதை 100 நாள் குளிர்காலத்தில் பரப்பினால் சராசரியாக ஒரு மெகாவாட்தான் வருகிறது. கிரைட்டனின் வெற்றிக்குக் காரணம் பாறையின் அளவு. அங்கே கிடப்பது உங்களிடம் இருப்பதைப் போலப் பல மடங்கு. எனவே உங்கள் குவியல் முழுத் தேவையையும் சுமக்காது. அதற்காக அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம். காற்றின் ஒரு பகுதியை மட்டும் அதன் வழியே இழுத்தால், குளிர்காலத்தில் ஒரு மெகாவாட்டும் கோடையில் அதற்கு ஈடான குளிர்ச்சியும் எரிபொருள் இல்லாமல் கிடைக்கும். ஒரு முன்னோட்டமாகவும் அமையும்.

அதே வெட்டிடத்தை வேறு விதமாகப் பயன்படுத்தும் முறை ஒன்று சட்பரியிலேயே, ஸ்டோபி சுரங்கத்தில், நடைமுறையில் இருந்தது. குளிர்காலத்தில் வெற்று வெட்டிடத்துக்குள் நுழையும் குளிர்காற்றில் நீரைத் தூவினார்கள். நீர் உறையும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் காற்றைச் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்துவிடும். பனிக்கட்டி அங்கேயே குவிந்து நிற்கும். கோடையில் அதே பனிக்கட்டியின் மேல் வெப்பக் காற்றை ஓட்டினால் அது உருகி, காற்றைக் குளிர்விக்கும். எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள்: ஒரு டன் பாறை 10 டிகிரி மாறினால் 8.5 மெகாஜூல், ஒரு டன் நீர் உறைந்தால் 334 மெகாஜூல், ஏறத்தாழ 40 மடங்கு. ஒரு லட்சம் டன் பனிக்கட்டி உருவானால் 100 நாள் சராசரியில் 4 மெகாவாட்டுக்கு நெருக்கமான வெப்பம். காற்று சுழியத்தைத் தாண்டாது என்பதால் கடைசிச் சில டிகிரிகளுக்குப் பர்னர் தேவைப்படும். ஆனால் மைனஸ் 25-லிருந்து தூக்கும் பெருஞ்சுமை குறைந்துவிடும். வெட்டிடத்தின் கூரை உறுதியாக இருக்கிறதா, உருகும் நீர் எங்கே வடியும் என்ற இரண்டையும் பாறைப் பொறியியல் தெரிந்தவரைக் கொண்டு முதலில் பார்த்துவிடுங்கள். இதில் அவசரப்பட வேண்டாம்.

இயந்திரத்தை எங்கே வைப்பது என்பதற்கு நான் தென்னாப்பிரிக்காவில் கற்றதைச் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க்குக்கு மேற்கே கார்லட்டன்வில்லை ஒட்டிய ம்போனெங் தங்கச் சுரங்கம் 4 கிலோமீட்டரை நெருங்கும் ஆழம் கொண்டது. அங்கே பாறை 60 டிகிரிக்கும் மேல். மேற்பரப்பில் குளிர்வித்த நீரைக் கீழே விட்டால் அது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 2.34 டிகிரி சூடேறும். காற்றுக்குச் சொன்ன அதே 9.81 கிலோஜூல்தான் இங்கேயும் காரணம். 3.5 கிலோமீட்டர் இறங்கினால் 8 டிகிரிக்கு மேல் இழப்பு. 3 டிகிரியில் புறப்பட்ட நீர் 28 டிகிரியில் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவுக்கு 105 கிலோஜூல் கிடைக்க வேண்டிய இடத்தில் 70-தான் கிடைக்கும். பிறகு அந்த நீரை மேலே ஏற்ற மின்சாரம் வேறு. இதனால்தான் அங்கே பனிக்கட்டியாகவே செய்து குழாயில் கீழே இறக்குகிறார்கள். ஒரு கிலோ பனிக்கட்டி, இறங்கும் இழப்பு போக, 400 கிலோஜூலுக்கு மேல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். கீழே போய் மேலே வரவேண்டிய நீரின் அளவு ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. மாரிகுப்பம் ஐயா குறிப்பிட்ட அதே ஈஸ்ட் ராண்ட் சுரங்கம் 1980-களில் இந்தப் பனிக்கட்டி முறைக்கு முன்னோடியாக இருந்தது.

பனிக்கட்டி செய்ய, குளிர்ந்த நீரைவிட அதிக மின்சாரம் ஆகும் என்பதால், உங்கள் 2 கிலோமீட்டருக்கு அது தேவையில்லை. அங்கே கைவிடாமல் பின்பற்றும் இன்னொரு வழக்கம்தான் உங்களுக்குப் பொருந்தும்: இறங்கும் நீரின் ஆற்றலை வீணாக்காதிருப்பது. பெல்டன் டர்பைன் என்னும் நீர்ச்சக்கரம் வைத்து மின்சாரம் எடுக்கலாம். அல்லது மூன்று அறைக் குழாய் அமைப்பு வைத்து, இறங்கும் குளிர்நீரின் எடையைக் கொண்டே வெந்நீரை மேலே தள்ளலாம். தராசின் இரண்டு தட்டுகளைப் போல ஒன்று மற்றொன்றைச் சமன்செய்வதால், உராய்வை வெல்லும் அளவுக்குச் சிறிய பம்புகள் போதும். 2008 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் மின்சாரம் போதாமல் தங்கச் சுரங்கங்கள் பல நாட்கள் உற்பத்தியை நிறுத்த நேர்ந்தது. அதுவரை ஆற்றல் சேமிப்பு என்பது எங்களில் பலருக்கு அறிக்கையில் எழுதும் ஒரு பத்தி. கீழே ஆட்களை அனுப்ப முடியாமல் மேலே நின்ற அந்த நாட்களுக்குப் பிறகு, ஒவ்வொரு பம்பும் ஒவ்வொரு வால்வும் எங்கள் கண்ணில் பட்டன.

என் தேர்வு மேற்பரப்புதான். மேலே வைத்தால் அம்மோனியாவைப் பயன்படுத்தலாம். நச்சுத்தன்மையால் அதைக் கீழே கொண்டுபோக முடியாது. கீழே வைக்கும் இயந்திரம் தன் வெப்பத்தைச் சூடான கழிவுக்காற்றில்தான் தள்ள வேண்டும். அதனால் அதே குளிர்ச்சிக்கு அதிக மின்சாரம் கேட்கும். மேலே குளிர்வித்த காற்று வழியில் பழைய வெட்டிடங்களுக்குள் கசிந்து வீணாகும் என்பது இதற்கு எதிரான வாதம். அது உண்மையும் கூட. அந்தக் கசிவுகளை அடைக்கும் வேலை எப்படியும் செய்ய வேண்டியதுதான்.

இன்னும் பெரியது, நீங்கள் கேட்காத ஒன்று: இத்தனை காற்று உங்களுக்குத் தேவைதானா? ஒன்டாரியோ விதிப்படி டீசல் எந்திரத்தின் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் விநாடிக்கு 0.06 கன மீட்டர் காற்று வேண்டும். தாதுவை அள்ளும் 200 கிலோவாட் லோடர் வண்டி ஒன்றுக்கு 12 கன மீட்டர். அந்த 12 கன மீட்டரை மைனஸ் 25-லிருந்து 3 டிகிரிக்குக் கொண்டுவர 420 கிலோவாட் புரோப்பேன் வெப்பம் ஆகிறது. லோடரின் எந்திரத்தைப் போல இரண்டு மடங்கு. கோடையிலோ, எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும் அந்த எந்திரம் முழுவேகத்தில் ஓடும்போது 600 கிலோவாட் வெப்பத்தை வேலைமுகப்பில் கொட்டுகிறது. மின்சார லோடர் 220 கிலோவாட் அளவோடு நிற்கும். உங்கள் மாகாணத்திலேயே சாப்லோ அருகே 2019-இல் உற்பத்தியைத் தொடங்கிய போர்டன் தங்கச் சுரங்கம், பேட்டரி வண்டிகளை நம்பியே வடிவமைக்கப்பட்டது. வண்டிகளை மாற்றப் பல ஆண்டுகள் ஆகும் என்றால், ஆளும் வண்டியும் இல்லாத மட்டங்களுக்குப் போகும் காற்றையாவது விதிகளுக்கு உட்பட்டு இப்போதே குறைக்கலாம். விசிறியின் மின்சாரம் காற்றளவின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப (0.8 × 0.8 × 0.8 என்பதுபோல்) மாறுவதால், காற்றை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தாலே மின்சாரம் பாதியாகிவிடும். அதோடு புரோப்பேனும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். வெடி வைத்த பிறகு புகை வெளியேறும் நேரத்தில் மட்டும் முழு அளவும் ஓட வேண்டும். அதில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது.

இரண்டாம் ஷிப்டு:

ஒரு லோடருக்கு 420 கிலோவாட் என்ற கணக்கை எங்கள் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். அவரே ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் வண்டிகள் வாங்கும் குழுவையும் அழைக்கச் சொல்லியிருக்கிறார். இதுவரை அவர்கள் வேறு கட்டடம், நாங்கள் வேறு கட்டடம்.

குளிரூட்டியின் விலைப்புள்ளியை ஆறு மாதம் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன். அதற்குள் உணரியை இடம் மாற்றுவது, 1,600 மீட்டர் மட்டத்துக் கால்வாயை மூடுவது, காற்றழுத்திக் கொட்டகையின் வெப்பத்தை அளப்பது ஆகிய மூன்றையும் முடித்துவிட எண்ணம். வெட்டிடத்தின் கூரையைப் பார்க்கப் பாறைப் பொறியாளர் அடுத்த வாரம் வருகிறார். கோடை வருவதற்குள் ஒவ்வொரு மட்டத்திலும் ஈரக்குமிழ் அளவைப் பதிவு செய்துவைக்க விரும்புகிறேன். மின்னணுக் கருவிகள் இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரி வரை வேறுபடுகின்றன. எதை நம்புவது?

மாரிகுப்பம்:

கையால் சுழற்றும் பழைய ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, மின்னணுக் கருவிகளை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள் தம்பி. குமிழைச் சுற்றியிருக்கும் துணி தூய்மையாக இருக்க வேண்டும். தூசி படிந்ததும் மாற்றிவிட வேண்டும். அதை நனைக்கக் காய்ச்சி வடித்த நீரை ஒரு சிறு குப்பியில் மேலிருந்தே கொண்டுபோங்கள். சுரங்கத்து நீரில் நனைத்தால் உப்பு படிந்து, அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். சுழற்றி நிறுத்தியதும் முதலில் ஈரக்குமிழைப் படியுங்கள், பிறகு உலர்குமிழை; காற்றோட்டம் நின்றதும் ஈரக்குமிழ்தான் முதலில் ஏறத் தொடங்கும். படிக்கும்போது குமிழின் மேல் உங்கள் மூச்சுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தந்தையார் அந்தக் குப்பியைச் சோற்றுத் தூக்கோடு சேர்த்துத்தான் எடுத்துப்போவார்.